ஜாமீன் நிற்கலாமா, வக்கீலம்மா?

இரண்டு இதழுக்கு முன்னால் ஒரு பதிலின் ஓரத்தில், "ஜாமீன் கிடைப்பது வேறு, வெளியே வருவது வேறு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. பாளையங்கோட்டை கோர்ட்டில் 29 வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருந்து பார்த்த வழக்குகள். எனக்கே இந்தக் கடிதங்களைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. பாகப்பிரிவினைக் கேள்விகள் அடுத்த இதழுக்கு. இந்தத் தடவை ஜாமீன் மட்டும்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

*என் மைத்துனர் மகன் கோயில் கொடையில் நடந்த அடிதடியில் ரிமாண்டாகி இருக்கிறான். பெயில் கிடைத்துவிட்டது. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தார் வேண்டுமாம். என்னை நிற்கச் சொல்கிறார்கள். "வீட்டு வரி ரசீதைக் கொடுத்தால் வீடே போயிரும்" என்று என் மனைவி அழுகிறாள். நான் நிற்கலாமா?*
*— ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம்*

அண்ணாச்சி, முதலில் மைனியிடம் சொல்லுங்கள்: வீட்டை யாரும் எழுதி வாங்கப் போவதில்லை. வீட்டு வரி ரசீதோ பட்டாவோ கேட்பது, நீங்கள் நிலையாக ஓர் இடத்தில் இருக்கிற ஆள், 10,000 ரூபாய்க்குத் தாங்குகிற ஆள் என்று மாஜிஸ்ட்ரேட் தெரிந்துகொள்வதற்காக. இன்றைக்கு நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதும் இல்லை.

நீங்கள் கையெழுத்துப் போடும் பத்திரத்தில் இருப்பது ஒரே ஒரு வாக்குதான். "இந்தப் பையன் கூப்பிட்ட வாய்தாவுக்கெல்லாம் கோர்ட்டுக்கு வருவான். வராவிட்டால் நான் 10,000 ரூபாய் அரசுக்குக் கட்டுகிறேன்." அவன் அடித்தானா இல்லையா என்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நாளைக்குத் தண்டனை ஆகி அபராதம் போட்டால் அதுவும் உங்கள் தலையில் விழாது. அவன் வருவான் என்பதற்கு மட்டும்தான் நீங்கள் ஆள்.

அவன் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன்.

1991-இல் என் அப்பா சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். கன்னடியன் கால் பாசனத்தில் எங்களுக்கு 60 சென்ட் வயல் இருந்தது. அந்தப் பட்டாவை வைத்து, கூட வேலை பார்த்தவர் மகனுக்கு 5,000 ரூபாய்க்கு ஜாமீன் நின்றார். பையன் நாலு வாய்தா ஒழுங்காக வந்தான். ஐந்தாவது வாய்தாவுக்கு முன்னால் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். கோர்ட்டில் வாரண்ட் போட்டார்கள். அடுத்த மாதம் ஒரு கான்ஸ்டபிள் அப்பாவுக்கு நோட்டீஸ் கொண்டுவந்தார். அந்தத் தாளை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "கோர்ட்டுக்குப் போனா புடிச்சு உள்ள வச்சிருவாக" என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் போகவே இல்லை. போகாததால் முழுத் தொகையையும் கட்டச் சொல்லி உத்தரவு ஆனது. அம்மாவின் கம்மலும் கறவை மாடும் அதோடு போயின.

பிறகு நான் சட்டம் படிக்கும்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 446-ஆம் பிரிவைப் படித்துவிட்டு விடுதியில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்கு வந்த அந்த நோட்டீஸ், "பணம் கட்டு, அல்லது ஏன் கட்ட வேண்டாம் என்று வந்து காரணம் சொல்" என்று கேட்கிற நோட்டீஸ். போய் நின்று, "ஐயா, பையன் சொல்லாமல் ஓடிவிட்டான், தேடிக்கொண்டு வர ஒரு மாதம் தாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். கட்ட வேண்டிய தொகையில் ஒரு பகுதியைத் தள்ளிவிட மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதே பிரிவில் அதிகாரம் இருந்தது. உத்தரவுக்குப் பிறகும் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட வழி இருந்தது. எட்டாவது வரை படித்த மனுஷன், அவருக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 446 இப்போது 491. எண்தான் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான். நோட்டீஸ் வந்தால் சொருகிவைக்காதீர்கள். அதில் போட்ட தேதியில் போய் நில்லுங்கள். காரணமும் சொல்லாமல், பணமும் கட்டாமல், அதை வசூலிக்கவும் முடியாமல் போனால் ஜாமீன்தாரை 6 மாதம் வரை சிவில் சிறையில் வைக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. நான் பார்த்த வரையில், நேரில் வந்து உண்மையைச் சொல்கிற ஜாமீன்தாரிடம் எந்த மாஜிஸ்ட்ரேட்டும் அவ்வளவு தூரம் போனதில்லை.

ஆக, நிற்கலாமா? அந்தப் பையனை உங்களுக்கு நிஜமாகத் தெரியும் என்றால் நில்லுங்கள். மைத்துனர் மகன் என்பது மட்டும் போதாது. எங்கே வேலை, யாரோடு தங்குகிறான், போன் நம்பரை மாற்றினால் யார் உங்களுக்குச் சொல்வார்கள் என்று கேளுங்கள். அவன் வக்கீலின் குமாஸ்தா நம்பரை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் அவனுக்கு நீங்களே போன் போடுங்கள்.

இன்னொன்று. நடுவழியில் அவன் போக்கு சரியில்லை, குடித்துவிட்டுத் திரிகிறான், வாய்தாவை மதிக்கவில்லை என்று தெரிந்தால், ஜாமீனிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று நீங்களே எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். 489-ஆம் பிரிவு. கோர்ட் அவனை வாரண்ட் போட்டு வரவழைத்து, உங்களை விடுவித்துவிட்டு, வேறு ஆள் கொண்டுவரச் சொல்லும். குடும்பத்தில் மனத்தாங்கல் வரும். ஆனால் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

*கோர்ட் பக்கம் ஒருவர், "ஒரு ஆளுக்கு 3,000 கொடுங்க, ஷூரிட்டிக்கு ஆள் நான் தாரேன், பேப்பர் எல்லாம் அவங்கிட்டயே இருக்கு" என்கிறார். தம்பியைச் சீக்கிரம் வெளியே எடுக்கணும். கொடுக்கலாமா?*
*— நாங்குநேரி வட்டாரத்திலிருந்து ஒருவர்*

கொடுக்காதீர்கள், தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன், கொடுக்காதீர்கள்.

ஜாமீன் நிற்பவர், தான் இதுவரை எத்தனை பேருக்கு நின்றிருக்கிறேன், எந்தெந்த வழக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 486-ஆம் பிரிவு சொல்கிறது. கூலிக்கு வருகிற ஆள் அதில் பொய்தான் எழுதுவார். அவர் வைத்திருக்கிற வரி ரசீது அவருடையதுதானா என்பதும் உங்களுக்குத் தெரியாது. நம் ஹைகோர்ட் மதுரைக் கிளையின் ஜாமீன் உத்தரவுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜாமீன்தாரின் போட்டோவை ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வாங்கி, ஆதார் அல்லது பாங்க் பாஸ்புக் நகலை வாங்கி வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். இரண்டு பேரில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் பல உத்தரவுகளில் வரும். கூலி ஜாமீன் பெருத்துப் போனதால் வந்த கட்டுப்பாடுகள் இவை. இதனால் அவதிப்படுவது யாரென்றால், உண்மையான சொந்தக்காரன் இல்லாத ஏழை.

பொய்ப் பத்திரம் என்று தெரிந்தால் உங்கள் தம்பியின் பெயில் ரத்தாகும். போர்ஜரி வழக்கு தனியாக வரும். அதில் பணம் கொடுத்த உங்கள் பெயரும் சேரும். இப்போது ஒரு வழக்கு. அப்புறம் வீட்டில் இரண்டு பேர் மேல் இரண்டு வழக்கு.

உத்தரவில் இரண்டு ஜாமீன்தார் என்று இருக்கிறதா? சட்டத்தில் "ஒருவரோ அதற்கு மேற்பட்டவரோ" என்றுதான் இருக்கிறது. இரண்டு என்பது வழக்கத்தில் வந்தது. ஓர் ஆள்தான் கிடைக்கிறார் என்றால், உத்தரவை மாற்றித் தரச் சொல்லி வக்கீல் மூலம் மனுப் போடுங்கள். நாலு நாள் தள்ளிப் போகும். போகட்டும்.

*என் மகனுக்கு 22 வயசு. மோட்டார் காப்பர் வயர் திருடினான்னு புடிச்சிட்டுப் போனாங்க. பெயில் ஆர்டர் ஆகி 24 நாள் ஆச்சு. இன்னும் பாளை ஜெயில்லதான் இருக்கான். நாங்க இருக்கிறது புறம்போக்கு. பட்டா கிடையாது, வரி ரசீதும் கிடையாது. சொந்தக்காரங்க எல்லாம் எங்கள மாதிரிதான். யாரும் நிக்க மாட்டேங்காக. நான் என்ன செய்ய?*
*— ஒரு தாய், சேரன்மகாதேவி பக்கம். (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய கடிதம்)*

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். இது பத்திரிகையில் வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்று, கடிதத்தில் இருந்த போன் நம்பருக்கு அன்றைக்கே பேசிவிட்டேன். இருந்தாலும் உங்களைப் போல இன்னும் எத்தனையோ தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்காக இங்கே விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் மகனை வெளியே விடலாம் என்று ஒரு நீதிபதி தீர்மானித்துவிட்டார். இப்போது அவன் உள்ளே இருப்பதற்குக் காரணம் வயர் திருட்டு இல்லை. பட்டா இல்லாதது. இதைவிட எனக்குக் கோபம் வருகிற விஷயம் என் தொழிலில் வேறு கிடையாது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர் மகன் உத்தரவான அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். அதே குற்றம், அதே உத்தரவு, புறம்போக்கில் குடியிருப்பவள் மகன் 24 நாள் ஜெயில் சோறு தின்கிறான்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 484-ஆம் பிரிவு, ஜாமீன் தொகை அளவுக்கு மீறிப் போகக் கூடாது என்று சொல்கிறது. செஷன்ஸ் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அதைக் குறைக்கலாம். 1978-இல் மோதிராம் என்ற ஒரு கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தார்கள், 1978-இல்! நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தள்ளி, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். சொந்தப் பத்திரம் என்றால் ஜாமீன்தாரே வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவர் தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது. அடுத்த வருஷம் பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய ஹுஸ்னாரா காதூன் வழக்கிலும் நீதிபதி பகவதி இதையேதான் சொன்னார்: ஊரில் வேர் உள்ள ஆளா என்று பார், பணத்தைப் பார்க்காதே. இப்போதைய சட்டம் சொந்தப் பத்திரம் வேறு, ஜாமீன்தாரோடு கூடிய பத்திரம் வேறு என்று இரண்டுக்கும் தனித்தனியாக விளக்கமே கொடுத்திருக்கிறது.

அதைவிட உங்களுக்கு உடனே உதவுவது, 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பெயில் ஆனவர் 7 நாளுக்குள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஒரு வக்கீலையோ தன்னார்வலரையோ அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ஜாமீன் ஏற்பாடு செய்வதற்கென்றே கொஞ்ச நாள் தற்காலிக ஜாமீனில் விடுவதையும் கோர்ட் யோசிக்கலாம். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், யாரும் மனுப் போடாமலே கோர்ட் தானாக எடுத்து, நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உங்கள் மகனுக்கு 24 நாள் ஆகிவிட்டது. அவனைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று அவனிடம் கேட்டீர்களா? வரவில்லை என்றால் நீங்களே போங்கள். பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், காசு கிடையாது. சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் வருஷத்துச் சட்டம்.

கையில் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால், ஜாமீன்தாருக்குப் பதிலாக ரொக்கம் கட்ட அனுமதி கேட்கவும் 490-ஆம் பிரிவில் இடம் உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் கோர்ட் விருப்பம். ஆனால் வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள், அம்மா. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் பணம் கட்ட மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போது வகுத்த விதியில் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை. அதற்கும் அதே ஆணைக்குழு அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

பக்கத்தில் யாரோ, "ஒரு வாரத்துக்கு மேல ஆனா தானா விட்டுருவாக" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. ஜாமீனில் விடத்தக்க (ஜாமீன் உரிமையாகவே கிடைக்கிற) பிரிவுகளில் மட்டும், ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்று 478-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மகன் மேல் போட்டிருப்பது ஜாமீனில் விடத்தகாத (கோர்ட் மனசு வைத்தால்தான் ஜாமீன் கிடைக்கிற) பிரிவு என்று நீங்கள் அனுப்பிய நகலில் தெரிகிறது. அதனால் அந்த வழி இதற்குப் பொருந்தாது. மனுப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் சட்ட உதவிக்காகப் பாளை மத்திய சிறைக்குப் போனபோது, ஒரு செங்கல் சூளைத் தொழிலாளியைப் பார்த்தேன். பெயில் ஆகி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தனக்கு பெயில் ஆனதே அவருக்குத் தெரியவில்லை. "எனக்காக நிக்க யாரும்மா இருக்கா, எம்பொஞ்சாதியும் சூளைலதான் கெடக்கா" என்றார். நிபந்தனையை மாற்றச் சொல்லி மனுப் போட்டேன். நீதிபதி பத்து நிமிஷத்தில் சொந்தப் பத்திரத்தில் விடச் சொல்லிவிட்டார். மூன்று மாதம், அந்தப் பத்து நிமிஷத்துக்காக. ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்தார். அதன் பிறகு ஒரு வாய்தாகூட அவர் தவறவில்லை. முதல் பஸ்ஸில் வந்து, கோர்ட் திறப்பதற்கு முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். சொத்து உள்ளவன்தான் திரும்பி வருவான் என்று யாராவது என்னிடம் சொன்னால், எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

*மகன் டெக்சாஸில் வேலையில் இருக்கிறான். அங்கே கோர்ட் பக்கத்திலேயே ஜாமீன் கடை போர்டு தொங்குகிறது என்கிறான். காசு வாங்கிக்கொண்டு கம்பெனியே ஜாமீன் நிற்குமாமே, இங்கே ஏன் அது இல்லை?*
*— பெருமாள்புரம்*

உண்மைதான். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும்தான் அந்தத் தொழில் உண்டு. ஜாமீன் தொகையில் சுமார் 10 சதவீதத்தை முகவர் கட்டணமாக வாங்கிக்கொண்டு, மொத்தத்துக்கும் தான் பொறுப்பேற்கிறார். வழக்கில் விடுதலை ஆனாலும் அந்த 10 சதவீதம் திரும்பி வராது. அங்கேயே எல்லா மாநிலமும் இதை ஏற்கவில்லை. கென்டக்கி 1976-இல் தடை செய்தது. இல்லினாய் 1963-லேயே முகவர்களை ஒழித்து, 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே மொத்தமாக எடுத்துவிட்டது.

நம் ஊருக்கு அது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஜாமீன்தார் என்பவர் அந்தப் பையனை அறிந்தவர், அவனை இழுத்துக்கொண்டு வரக்கூடியவர் என்பதுதான் இதன் அடிப்படையே. காசு வாங்கியவருக்கு அவன் மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை. மேலே நாங்குநேரித் தம்பிக்கு 3,000 ரூபாய் கேட்டவருக்கும், போர்டு மாட்டிய கம்பெனிக்கும் ஏழை வீட்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

*அண்ணன் மும்பையில் கடை வைத்திருக்கிறான். அங்கே ஒரு மோசடி வழக்கில் பெயில் ஆகிவிட்டது. உள்ளூர் ஆள்தான் ஜாமீன் நிற்கணும் என்கிறார்களாம். அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்? அப்பா பட்டாவோடு ரயிலேறட்டுமா?*
*— வள்ளியூர்*

கொஞ்சம் பொறுங்கள். மேலே சொன்ன மோதிராம் வழக்கில் இதுவும் இருந்தது. அடுத்த மாவட்டத்துக்காரர் என்று சொல்லி, அவருடைய சகோதரர் கொடுத்த ஜாமீனை ஏற்கவில்லை. ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் என்ன செய்வார் என்று கிருஷ்ணய்யர் அப்போதே கேட்டார். திசையன்விளையிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் தாராவிக்குப் போய்க் கடை போட்ட நம் சனங்களுக்காகவே கேட்டது போல இருக்கும். 2023 உத்தரவும் உள்ளூர் ஜாமீன் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் விடுதலை தாமதமாகிறது, அப்படிப்பட்ட வழக்குகளில் அந்த நிபந்தனை வேண்டாம் என்று சொல்கிறது. இந்த இரண்டையும் காட்டி அங்குள்ள வக்கீல் மனுப் போடட்டும்.

அதற்கிடையில், மும்பை கோர்ட்டுகளில் முதலில் ரொக்கம் கட்டி வெளியே வந்துவிட்டு, சில வாரத்துக்குள் ஜாமீன்தாரைக் கொடுக்க அவகாசம் கேட்கிற வழக்கம் உண்டு. அதைக் கேட்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்த பிறகு அப்பா ரயிலேறினால் போதும். அண்ணன் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் இன்னொரு தீர்ப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி வழக்கு. பல மாநிலங்களில் 13 வழக்கு, எல்லாவற்றிலும் பெயில், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜாமீன்தாருக்கு எங்கே போவது? ஒரே ஜாமீன்தார்களைப் பல வழக்குக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி விட்டது.

*பெயிலில் வந்திருக்கிறேன். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடணும். விசைத்தறி வேலை, பாதி நாள் போய்விடுகிறது. ஓனர் வேறு ஆளைப் பார்க்கிறார்.*
*— சங்கரன்கோவில்*

பெயில் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனைத் தளர்வு மனுப் போடுங்கள். இதுவரை ஒரு நாளும் தவறாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் உங்களுக்குப் பெரிய பலம். அதனால் உத்தரவு மாறும்வரை தயவுசெய்து ஒரு நாளும் விடாதீர்கள். விட்டால் பெயிலையே ரத்து செய்யக் கேட்பார்கள். வாரம் ஒரு நாள் என்றோ, நேரத்தை மாற்றியோ கேளுங்கள். தறி முதலாளியிடம் ஷிப்ட் நேரத்தை எழுதி வாங்கி மனுவோடு வையுங்கள். கையெழுத்துப் போட்ட தேதிகளை நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

*நான் பீடி சுற்றுகிறேன். வீட்டு வரி என் பெயரில்தான் வருகிறது. என் தங்கை மகனுக்கு நான் ஜாமீன் நிற்கிறேன் என்றால், "பொம்பள கையெழுத்து செல்லாது" என்கிறார்கள். நிஜமா?*
*— மேலப்பாளையம்*

பொய், அக்கா. ஜாமீன்தார் ஆணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அசலைக் காட்டக் கேட்பார்கள், நகலும் கையில் இருக்கட்டும். மாஜிஸ்ட்ரேட், "பையன் உங்களுக்கு என்ன வேணும்? வரலைன்னா பணம் கட்டணும், தெரியுமா?" என்று கேட்பார். தெரியும் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே வந்ததும் முதல் வாய்தா தேதியைக் குமாஸ்தாவிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.